கைத்துப்பாக்கி வேட்டையும் பின்னுதைப்பும்

கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாடுவதை அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம் அனுமதிக்கிறது. 1950களின் நடுவில் .44 மேக்னம் தோட்டா வந்தபின் அவ்வழக்கம் வலுப்பெற்றது. 1971இல் வெளிவந்த ‘டர்ட்டி ஹாரி’ திரைப்படம் அத்தோட்டாவை உலகறியச் செய்தது. அதன் பின்னுதைப்பைக் குறைப்பது எப்படி என்ற விவாதம் வேட்டைக்காரரிடையே ஓய்ந்தபாடில்லை. ஆனால் அதில் சுடுபவரின் கைவலியே பெரிதும் பேசப்படுகிறது. விலங்கின் வலியிலிருந்து அது தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

உதைப்புக்கு அஞ்சும் கை, விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் துப்பாக்கியைக் கீழே அழுத்தும். குறி தாழும். நெஞ்சில் பாயவேண்டிய குண்டு காலை முறிக்கும். மான் புதருக்குள் ஓடி நெடுநேரம் துடித்துச் சாகும். ஆகவே உதைப்பைக் குறைத்தல் சொகுசன்று, கொல்பவரின் கடமை.

முதல் வழி எடை. குண்டின் உந்தம் மாறாதிருக்க, துப்பாக்கியின் எடை இரட்டித்தால் உதைப்பின் ஆற்றல் பாதியாகும். 2003இல் வந்த .500 மேக்னத்தின் நீள்குழல் ரிவால்வர் ஏறத்தாழ 2 கிலோ இருப்பது வீணன்று. எனினும் நீட்டிய கை அச்சுமையோடு நெடுநேரம் அசையாது நிற்காது. இரண்டாவது ரப்பர்ப் பிடி. அது உந்தத்தைக் குறைப்பதில்லை. சற்றே நீண்ட நேரத்துக்குப் பரப்பி, உள்ளங்கையில் விழும் அடியை மென்மையாக்குகிறது. செலவும் தீங்கும் குறைவு.

மூன்றாவது, குழல்முனையில் துளையிட்டு வெடிவாயுவை மேலும் பக்கவாட்டிலும் திருப்புதல். குழல் எழும்புவது அடங்கும். ஆனால் ஓசை சுடுபவரின் பக்கம் திரும்பும். 140 டெசிபலைத் தாண்டும் வெடியோசையே செவிக்குக் கேடு. இத்துப்பாக்கிகள் துளையின்றியே 160ஐத் தாண்டுகின்றன. கையின் சுமையைச் செவிக்கு, அதிலும் அருகில் நிற்பவரின் செவிக்கு, மாற்றிவிடுவது தீர்வாகுமா?

நான்காவது, மருந்தைக் குறைத்தல். .44 மேக்னம் ரிவால்வரில் அதன் முன்னோடியான .44 ஸ்பெஷல் தோட்டாவையும் இடலாம். மேக்னம் 240 கிரெய்ன் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 1,400 அடி வேகத்தில் செலுத்தும். ஏறக்குறைய அதே எடையுள்ள குண்டுக்கு ஸ்பெஷல் தருவது 750 அடியளவே. உதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

வலுக்குறைந்த குண்டும் விலங்கைக் குற்றுயிராக்குமே என்பர். உண்மைதான். எனவே ஸ்பெஷலில் பயின்று, நடுத்தர மருந்துவரை ஏறி, அங்கே நின்றுகொள்ள வேண்டும். குறைந்த வலுவை விலங்கை நெருங்கிச் சென்று ஈடுசெய்ய வேண்டும். 100 கெஜத்திலிருந்து சுடும் ஆசை 50 கெஜத்துக்குச் சுருங்கத்தான் வேண்டும். கருவிகள் எதுவும் இந்தப் பொறுமைக்கு மாற்றாகா.

எந்த மருந்து தம் கைக்கு உரியது என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சுட்டு முடித்த சில வெற்றுக்கூடுகளையும் தோட்டாக்களோடு கலந்து இடும்படி நண்பரிடம் சொல்லலாம். வெற்றுக்கூட்டின்மேல் சுத்தியல் விழும்போது குழல்முனை தாழுமாயின், அத்தோட்டாவோடு காட்டுக்குள் நுழைய அவருக்கு உரிமையில்லை.