வானம் அழவில்லை

தெருமுனைகளில் கட்டப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளை நின்று படித்தால் ஒன்று புலப்படும். இறந்தவர் யாராக இருந்தாலும் அவருக்காக வானம் அழுதிருக்கும், சூரியன் மறைந்திருக்கும், ஆலமரம் சாய்ந்திருக்கும். பெரிய மனிதர்கள் மறைந்த மறுநாள் அச்சாகும் கவிதாஞ்சலிகளிலும் பெரும்பாலும் இந்த வானமும் மரமும்தான். பெயரை மாற்றினால் எந்த மரணத்துக்கும் பொருந்திவிடும். துக்கத்தில் சொன்ன வார்த்தையைக் குறைசொல்லலாமா என்று கேட்கலாம். அழுகிறவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. ஆனால் கவிதை என்று எழுதுகிறவர்களிடம் கேட்டே ஆக வேண்டும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக மரணத்தைப் பாடிவரும் மொழியில் இயற்கைக்கு அழுவது ஒன்றுதான் வேலையா?

உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூறு வீரத்தையும் கொடையையும் பாடும் நூல் என்றே பலருக்கும் அறிமுகம். சாவைப் பாடும் நூலும் அதுவே. ஆதரித்தவன் இறந்தபின் பாடுகிற கையறுநிலைப் பாட்டுகள் அதில் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது, மனிதரின் இழப்பு தெரியாமல் தன் போக்கில் நடக்கிற இயற்கை.

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது ஆறே அடி. அந்த ஊரில் முல்லை பூத்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. இளைஞர்கள் அதைத் தலையில் வைக்கப் போவதில்லை, வளையல் அணிந்த பெண்கள் பறிக்கப் போவதில்லை. யாழின் தண்டால் கொடியை மெல்ல வளைத்துப் பூப்பறிக்கும் பாணனும் சூடமாட்டான், பாடினியும் சூடமாட்டாள். பிறகு ஏன் பூத்தாய் என்று புலவர் முல்லையிடமே கேட்கிறார். சாத்தன் இறந்ததற்காக அந்த முல்லை வாடியிருந்தால் இந்தப் பாட்டு பிறந்திருக்காது. பூத்ததுதான் தாங்கவில்லை. பாணன் கொடியை வளைக்கும் விதத்தைக் கவனியுங்கள். கையால் இழுக்காமல், கொடி ஒடியாமல், யாழ்த்தண்டால் வாங்குகிறான். சாத்தன் உயிரோடு இருந்த நாளில் அந்த ஊரில் மாலைநேரம் எப்படி இருந்திருக்கும் என்பது அந்த ஒரு செய்கையில் தெரிந்துவிடுகிறது. எத்தனை பேருக்கு அவன் நிழலாக இருந்தான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கரிகாற் பெருவளத்தான் இறந்தபோது கருங்குழல் ஆதனார் ஒரு வேங்கை மரத்தைக் கொண்டுவருகிறார். அரசன் மாண்டான், மகளிர் நகைகளைக் கழற்றினார்கள். அவர்கள் எப்படி இருந்தார்கள்? கடும் வறட்சியான கோடையில், பசித்த மாடுகளுக்குத் தழை வேண்டிக் கோவலர்கள் பூவோடு சேர்த்து வெட்டிக் கழித்த வேங்கையைப் போல. மரம் துக்கத்தில் உதிரவில்லை. மழை பொய்த்தது, புல் இல்லை, மாடுகள் பசியால் வாடின, ஒருவன் கத்தியோடு வந்தான். மொட்டையாய் நிற்கும் மரத்தின் பின்னால் இவ்வளவு காரணமும் நிற்கிறது. மகளிரின் வெறுங்கழுத்தும் தானாக நேர்ந்ததில்லை, ஒரு வழக்கம் கழற்றச் சொன்னது என்பதையும் அந்த வெட்டு காட்டிக்கொடுக்கிறது.

இயற்கை துயரப்படும் பாட்டே சங்க நூல்களில் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். குறுந்தொகையில் ஒரு மந்தி இருக்கிறது. துணையான கடுவன் இறந்ததும், மரமேறக்கூடப் பழகாத குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சரிவில் உயிரை விடுகிறது. தலைவனை இரவில் வரவேண்டாம் என்று தடுக்கத் தோழி சொல்லும் பாட்டு அது. உனக்கு ஏதாவது ஆனால் இவள் என்ன ஆவாள் என்பதைக் குரங்கை வைத்துச் சொல்லிவிடுகிறாள். நாட்டுப்புற ஒப்பாரியிலும் வாழை சாய்கிறது, நிழல்மரம் விழுகிறது. ஆனால் ஒப்பாரி வைக்கிற பெண் அதோடு நிறுத்துவதில்லை. இனி சீர் கொண்டுவர யார் இருக்கிறார்கள், தாய்வீட்டு வாசலில் யார் வரவேற்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். விழுந்த மரத்தின் நிழலில் யார் யார் இருந்தார்கள் என்ற கணக்கு அவளிடம் உண்டு. பதாகை வரிகளில் காணாமல் போனது அந்தக் கணக்குதான்.

பறம்பு மலைத் தலைவன் பாரியின் கதைக்கு வருவோம். அந்த மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டார்கள். உழாமலே மூங்கில்நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்று நான்கும் தரும் மலை இது, முற்றுகையால் பட்டினி போட முடியாது என்று பாரியின் நண்பரான புலவர் கபிலர் அவர்களிடம் சொன்னதாகப் பாட்டு இருக்கிறது. கடைசியில் பாரி கொல்லப்பட்டான். அவன் மகள்கள் இருவர் பெயரில் வரும் ஐந்தடிப் பாட்டில் நிலவு இரண்டு முறை வருகிறது. அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் அவர்கள் கையில் இருந்தது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை, வென்ற அரசர்கள் குன்றைக் கொண்டுபோனார்கள். நிலவில் ஒரு மாற்றமும் இல்லை. அது மங்கவில்லை, மேகத்தில் மறையவில்லை. மாறாத நிலவை நடுவில் வைத்ததால்தான் மாற்றியவர் யார் என்ற கேள்விக்குத் தப்பிக்க வழியில்லாமல் போகிறது. விதியையோ காலத்தையோ குற்றம் சொல்ல அந்தப் பெண்கள் போகவில்லை. கொட்டும் முரசோடு வந்தவர்களைக் காட்டுகிறார்கள்.

அந்தப் பெண்களைக் கபிலர் இன்னொரு பாட்டில் காட்டுகிறார். முள்வேலி போட்ட சிறு வீடு, முற்றத்தில் பருத்தி, பீர்க்கும் சுரையும் படர்ந்திருக்கிறது. அங்கே குப்பைமேட்டில் ஏறி நின்று, வழியில் போகும் உமணரின் உப்பு வண்டிகளை இருவரும் எண்ணுகிறார்கள். பறம்பில் இருந்த காலத்தில் மலையுச்சியில் நின்று, தந்தையோடு போரிட வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணிய பெண்கள் அவர்கள். எண்ணும் பழக்கம் போகவில்லை. உயரம் குறைந்திருக்கிறது, எண்ணும் பொருள் மாறியிருக்கிறது. கண்ணீர் என்று ஒரு சொல் இல்லாமலே படிப்பவர் நெஞ்சை அடைக்க வைக்கும் பாட்டு இதைப் போலத் தமிழில் அதிகம் இருக்க முடியாது.

   

ஆம்பலைப் பற்றி ஒக்கூர் மாசாத்தனார் பாடிய சிறு பாட்டும் இந்த வரிசையில் சேர வேண்டியது. சின்ன வெள்ளை ஆம்பல். இளமையில் அது ஒரு பெண்ணுக்குத் தழையாடை ஆனது. கணவன் இறந்தபின் வேளை தவறி உண்ணும் கைம்பெண்ணுக்கு அதன் அரிசியே உணவாகிறது. குளமும் அதே, பூவும் அதே. இடுப்பில் அழகாக இருந்தது வயிற்றுக்குத் தண்டனையாக வந்திருக்கிறது. ஆம்பல் யாருக்கும் எந்த விதியும் போடவில்லை, போட்டது ஊர். தமிழ்ச் சமூகம் கைம்பெண்களை நடத்திய விதத்துக்கு இதைவிடப் பழைய, இதைவிடக் கூர்மையான சாட்சியம் அரிது. இதை இயற்கை வருணனை என்று வகுப்பில் கடந்துபோவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநீதி.

ஆதிச்சநல்லூரில் தாமிரபரணிக் கரையில் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளைப் பார்த்தவர்களுக்கு, குயவனை விளித்துப் பாடும் புறப்பாட்டு ஒன்று வேறு விதமாகக் கேட்கும். வண்டிச் சக்கரத்தின் ஆரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சிறு வெள்ளைப் பல்லியைப் போல இறந்துபோன என் கணவனோடு பல சுரங்களைக் கடந்தேன், ஆகவே தாழியை எனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய் என்கிறாள் ஒருத்தி. பாடியவர் பெயர்கூடத் தெரியாது. அன்பு, பிரிவு, துயரம் என்ற சொற்கள் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை, ஒரு பல்லி போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்த வழி பழம்பாட்டோடு நின்றுவிடவில்லை. 1981 மே இறுதியில் தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணம் எரிக்கப்பட்டது. பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈழத்துக் கவிஞர் சேரனின் முதல் தொகுப்பு ‘இரண்டாவது சூரிய உதயம்’ 1983இல் வந்தது. தலைப்புக் கவிதையில், காற்றும் அலையும் அடங்கிய கடற்கரை மணலில் நடந்து வருகிறவர் மறுபடி ஒரு சூரியன் எழுவதைப் பார்க்கிறார். அது தெற்கே எழுகிறது. எரிவது ஊர். சூரியன் கிழக்கில்தான் எழும் என்ற அறிவு படிப்பவரிடம் இருப்பதால், திசை மாறிய அந்த ஒரு சொல் நெருப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. பாரி மகளிர் மாறாத நிலவை வைத்துச் செய்ததைச் சேரன் மாறிய சூரியனை வைத்துச் செய்தார். இரண்டு இடத்திலும் இயற்கை சாட்சிக்கூண்டில் நிற்கிறது.

பாரி என்றதும் பள்ளிப்பிள்ளை முல்லைக்குத் தேர் கொடுத்தவன் என்று உடனே சொல்லும். தேருக்குப் பின் என்ன நடந்தது, அவன் பெண்கள் எந்தக் குப்பைமேட்டில் நின்றார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கொடையை மனப்பாடம் செய்யவைத்து, கொலையை விட்டுவிடுகிறோம். ஐந்திணைக்குரிய பூவும் பறவையும் பட்டியலாக மதிப்பெண்ணுக்கு வருகின்றன. பூத்த முல்லை ஏன் ஒருவரைக் கொன்றுபோடுகிறது என்ற கேள்வி வருவதில்லை. தேர்க்கதை வரும் பாடத்திலேயே உப்பு வண்டிப் பாட்டையும் வைத்தால், பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு அது புரியாமல் போகாது.

எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பயிர் கருகி ஒரு விவசாயி இறந்தால், வயல் அழுதது என்று முடித்துக்கொள்வது சுலபம். அந்த வயலில் நின்றது குறுவையா சம்பாவா, வாய்க்காலில் தண்ணீர் எப்போது நின்றது, வரப்பில் அவர் நட்ட தென்னையில் இந்த ஆண்டும் குரும்பை பிடித்திருக்கிறதா, அதை இனி யார் பறிப்பார்கள் என்று போய்ப் பார்த்து எழுதலாம்.