ஜெட் ஸ்கீயை இயக்க முதல்

விக்டோரியா தின விடுமுறை நெருங்க, எங்கள் பக்கத்துக் கராஜ் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. நம்மவர் பிள்ளைகளும் இப்போது சிம்கோ ஏரிக்கு ஜெட் ஸ்கீ கொண்டுபோகிறார்கள். நல்லது. ஆனால் குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்ததை வெளியே இழுத்து, முதல் வேலையாகப் பொத்தானை அமத்தி, "பாருங்கோ அங்கிள், ஒரே அமத்தில ஸ்டார்ட் ஆகுது" என்று காட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். இயங்குகிறது என்பதால் எஞ்சின் பழுதில்லை என்று ஆகாது.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் வழிகளில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிட்டாலும், ஒன்ராறியோக் குளிரில் அது அலுமினியத்தையே வெடிக்க வைக்கும். உள்ளே விழுந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் கொஞ்ச நேரம் நன்றாகவே ஓடும். அதற்குள் தண்ணீர் எண்ணெயோடு கலந்து பெயாரிங்குகளைத் தின்னத் தொடங்கிவிடும்.

ஆகவே முதலில் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தாலோ, மட்டம் காரணமில்லாமல் ஏறியிருந்தாலோ பொத்தானைத் தொடவேண்டாம். (மூடியின் அடியில் மட்டும் மெல்லிய வெள்ளைப் படலம் என்றால் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம்.) டோர்ச் அடித்து எஞ்சினிலும் புகைபோக்கிப் பகுதியிலும் கீறல், வெள்ளைக் கறை, நீர்க்கசிவு உண்டா என்று பாருங்கள். பிறகு ஹோஸ் பூட்டிச் சிறிது நேரம் ஓட்டலாம். எஞ்சினை இயக்கியவுடன் தண்ணீரைத் திறக்கவேண்டும். நிறுத்தும்போது தண்ணீரை மூடிவிட்டுத்தான் எஞ்சினை நிறுத்தவேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் புகைவழியாக எஞ்சினுக்குள் ஏறும். ஓட்டி முடிந்ததும் எண்ணெயை இன்னொரு தரம் பாருங்கள். பலர் விடுவது இதைத்தான். காய்ந்துபோன வெடிப்பு, தண்ணீர் ஓடிய பிறகுதான் தன்னைக் காட்டும்.

சீ-டூ வைத்திருப்பவர்கள், "எங்களுடையது மூடிய சுற்று, உறையாது" என்பார்கள். பாதிதான் உண்மை. எஞ்சினுக்குள் கூலன்ட் ஓடினாலும் புகைபோக்கியைக் குளிர்விப்பது ஏரித் தண்ணீர். கூலன்டில் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருந்தால் அதுவும் உறையும். சோதிக்கும் கருவி சில டொலர்தான். யமஹா, கவாசாகி என்றால் ஏரித் தண்ணீரே எஞ்சினுக்குள் போய்வரும். இன்னும் கவனம் வேண்டும். சார்ஜ் இறங்கிய பற்றறியும் உறையும். வீங்கியிருந்தால் சார்ஜ் பண்ண வேண்டாம், எடுத்து மாற்றுங்கள்.

எனக்குப் பெரிய கோபம் பழையதை விற்பவர்களில். போன வருடம் ஏப்ரலில் என் பெறாமகன் ஒன்று வாங்கினான். விற்றவர் டிரைவ்வேயில் அரை நிமிடம் உறும வைத்துக் காட்டினார், "விண்டரைஸ் செய்தது" என்றார், காசை வாங்கினார். மே மாதம் ஏரி நடுவில் எஞ்சின் நின்றது. அந்த மாதத்துத் தண்ணீரில் விழுந்தால் கைகால் விறைக்க அதிக நேரம் செல்லாது. மீன்பிடிக்க வந்த ஒருவர் கயிறு போட்டு இழுத்து வந்ததால் பிள்ளை முழுசாகக் கரை சேர்ந்தான். திருத்தச் செலவு வாங்கிய விலையை நெருங்கியது.

வாங்குவதென்றால் விண்டரைஸ் செய்த பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கம்ப்ரெஷன் சோதனையும் குளிர்விக்கும் பகுதிக்கு அழுத்தச் சோதனையும் செய்ய ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோகச் சம்மதமா என்றும் கேளுங்கள். "வேறு ஆள் காத்திருக்கிறார்" என்றால், அந்த ஆளே வாங்கட்டும். சோதனையை ஏப்ரலிலேயே செய்துவிடுங்கள். விடுமுறை கிட்டினால் கடைகளில் வரிசை நீண்டுவிடும்.