வகுப்பறையில் வலிப்பு

வகுப்பில் மாணவர் ஒருவர் வலிப்புற்று வீழ்ந்தால் நம்மவர் முதலில் தேடுவது இரும்புச் சாவியையே. வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிடங்களில் தானே அடங்கிவிடும். பெருமையைச் சாவி பெற்றுக்கொள்கிறது. பல்லிடுக்கில் கரண்டியைத் திணிப்பதோ பல்லுக்கும் தாடைக்கும் ஊறு செய்யும். கூரிய பொருள்களை அகற்றித் தலைக்கடியில் மெத்தென்ற துணி வைத்து, துடிப்பு ஓய்ந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்தல் போதும். 5 நிமிடங்களைக் கடந்தாலோ, முதன்முறை வந்ததாயினோ மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

ஆயினும் நாம் பெரிதும் கவலுறுவது வீழ்த்தாத வலிப்பைப் பற்றியே. பாடத்தின் நடுவே சில நொடிகள் விழி நிலைகுத்தி, அழைத்தாலும் கேளாதிருந்து, பின் ஏதும் நிகழாததுபோல் மீளும் சிறார் உண்டு. அதுவும் வலிப்பின் ஒரு வகையே; ஒரே நாளில் பன்முறை வரக்கூடும். அதனைக் கவனமின்மை எனக் கருதிப் பிரம்பெடுத்த ஆசிரியர் எத்தனை பேர்! வீட்டார் காணத் தவறுவதை வகுப்பறையிலேயே கண்டு, பெற்றோருக்கு உரைக்கத்தக்கவரும் அவரே அல்லரோ?

வலிப்புற்று எழுந்தவரை நாம் என் செய்கிறோம்? 'நோய் தீர்ந்தபின் வரட்டும்' என்று வீட்டிற்கு அனுப்புகிறோம். இந்து திருமணச் சட்டமும் சிறப்புத் திருமணச் சட்டமுமே வலிப்பைத் தடைகளின் பட்டியலிலிருந்து 1999-இல் நீக்கிவிட்டன. கல்விக்கு மட்டும் அது தடையாவது எங்ஙனம்? தக்க மருந்தை நாள் தவறாது உட்கொண்டால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும். அம்மாணவர் சற்றே உறங்கி எழட்டும். தம் இருக்கைக்கே திரும்பட்டும். விடுபட்ட பாடத்தை அருகிருக்கும் தோழர் எழுதித் தரட்டும்.