சீட்டில்லாமல் கைமாறும் ஸ்டீராய்டு களிம்புகள்



தொடையிடுக்கில் அரிப்பு என்று கூச்சத்தோடு சொல்பவரிடம் பல மெடிக்கல் ஷாப்களில் யாரும் எதுவும் கேட்பதில்லை. எத்தனை நாளாக இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா, சர்க்கரை இருக்கிறதா என்ற விசாரணை எதுவும் இல்லாமலே அலமாரியிலிருந்து ஒரு ட்யூப் வந்துவிடுகிறது. அதன் அட்டையில் பொடி எழுத்தில் பூஞ்சைக்கான மருந்து ஒன்று, ஆன்டிபயாட்டிக் ஒன்று, கூடவே க்ளோபெட்டசால். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதிலேயே அச்சாகியிருக்கிறது. வாங்குபவர் அதைப் படிப்பதில்லை. விற்பவர் அதை மதிப்பதில்லை.

க்ளோபெட்டசால் மிகவும் வீரியமான ஸ்டீராய்டு. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் பூசக் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது என்பது அதன் வரம்பு. இத்தகைய அரிப்புக்குக் காரணமாகும் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றின்மேல் இதைப் பூசினால் இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்கும். ஆனால், அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் அது அமுக்கிவிடுவதால் பூஞ்சை தடையின்றிப் பரவும். பூசுவதை நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். மறுபடியும் அதே ட்யூப். நாளடைவில் படர்தாமரைக்கே உரிய வட்ட விளிம்பு கலைந்து, தோல் மருத்துவரே தடுமாறும் அளவுக்கு நோய் உருமாறிவிடுகிறது. தோல் மெலிந்து தொடையில் விழும் வரித்தழும்புகள் பின்னர் மறைவதே இல்லை.

முகத்தின் கதியும் இதுதான். நாட்டின் 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினைகளுக்காக வந்த 2,926 பேரை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. அவர்களில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பூசிவந்தார்கள். அதைப் பூசச் சொன்னவர், இவர்களில் சுமார் 59 சதவீதத்தினருக்கு, மருத்துவரே அல்ல. நிறம் கூடும் என்று நம்பிப் பூசியவர்களும் அவர்களில் உண்டு.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2018 மார்ச்சில் ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்க முடியாதபடி எச் அட்டவணைக்குள் கொண்டுவந்து மத்திய சுகாதார அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தடைசெய்யப்பட்ட 328 கூட்டு மருந்துகளில் இத்தகைய தோல் களிம்புகளும் இருந்தன. அப்படியும் கவுன்டரில் விற்பனை நிற்கவில்லை.

இதற்கிடையே, டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரைக்கும் எளிதில் அடங்காத டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்ற பூஞ்சை நம் நாட்டில் பரவிக் கிடக்கிறது. 2020-இல் பெயரிடப்பட்ட அது, 2023-இல் நியூயார்க்கில் இருவரிடம் கண்டறியப்பட்டது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் கண்மூடித்தனமான பயன்பாடு இந்தப் பூஞ்சையின் பரவலுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்துவருகிறார்கள்.

மருந்துக் கடைகளே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தோல் மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்குப் பஸ் ஏற வேண்டியவர்களுக்கு, தெருமுனைக் கடைதான் கைக்கெட்டும் உதவி. இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல் ஏழு நோய்களுக்கு மருந்தாளுநரே சிகிச்சை தருகிறார். அவற்றில் மூன்று தோல் தொடர்பானவை: இம்பெடிகோ என்னும் சிரங்கு, சீழ் வைத்த பூச்சிக்கடி, அக்கி. ஆனால், அங்கே யாருக்குத் தரலாம், எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதற்கெல்லாம் எழுதிவைத்த நெறிமுறை உண்டு.

நம் மருந்தாளுநர்களும் படித்துத் தேறியவர்களே. ஸ்டீராய்டு கலக்காத க்ளோட்ரிமசோல் போன்ற களிம்பைக் கொடுத்து, அரிப்பு நின்ற பிறகும் சில நாள் பூசச் சொல்லலாம். ஒருவர் துண்டை இன்னொருவர் தொடக் கூடாது, உள்ளாடையை நன்றாக வெயிலில் காயவைக்க வேண்டும் என்று சொல்லித்தரலாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி என்றால் மருத்துவரிடம் அனுப்பிவிடலாம். ஆனால், சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, மருந்தாளுநர் கடையிலேயே இல்லாதபோது இவை எப்படி நடக்கும்?

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கடைகள் கொள்முதல் செய்த ஸ்டீராய்டு களிம்புகளையும் அவற்றுக்கான சீட்டுகளையும் ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். மருந்தாளுநர் இல்லாத கடைமீது நடவடிக்கை எடுக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 1,000 முதல்வர் மருந்தகங்களில் தோல் நோய்களுக்கான எழுத்துபூர்வ வழிகாட்டுதலை முதலில் நடைமுறைப்படுத்தி, பிறகு தனியார் கடைகளுக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி