மே மாதத்திலும் கழுத்தில் டை

அலுவலகத்துக்கு எப்படி உடுத்திப் போவது என்று கேட்டால் ஊருக்கு ஊர் ஒரே பதில்தான் கிடைக்கும். சட்டையை உள்ளே விட்டு இடுப்பில் பெல்ட் கட்ட வேண்டும், காலில் ஷூ வேண்டும், தனியார் நிறுவனம் என்றால் கழுத்தில் டையும் தொங்க வேண்டும். அப்படி வந்தால்தான் ‘டிப்டாப்’. பொறுப்பான ஆள் என்று வாடிக்கையாளர் நம்புவார், மேலதிகாரி மதிப்பார். பருத்திச் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு செருப்போடு வந்தால் வேலையில் அக்கறை இல்லாதவர். இந்த நம்பிக்கை மார்கழி மாதத்தில் யாரையும் பெரிதாகத் துன்புறுத்துவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில், அதுவும் தருமபுரி போன்ற ஒரு மாவட்டத்தில், இது மனித உடம்பை வதைக்கும் காரியம். இதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்திருப்பதை இனியும் ஒப்புக்கொள்ள முடியாது. உடையை விதிப்பவர் ஒருவர், அந்த உடைக்குள் வேகிறவர் வேறொருவர். இதில் உள்ள அநியாயமே அதுதான்.

தருமபுரியின் கோடை சென்னையின் கோடையைப் போன்றதல்ல. பக்கத்தில் கடல் இல்லை, பிற்பகலில் கடற்காற்று வந்து தணிக்கப் போவதும் இல்லை. பாறையும் செம்மண்ணும் சூடேறிக் கிடக்கும் நண்பகலில் 38, 39 டிகிரி செல்சியஸ் சாதாரணம். 40ஐத் தொடுகிற நாட்களும் உண்டு. நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 34, 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் உடம்பு தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்க முடியாது, காற்றிடமிருந்து வாங்கத்தான் செய்யும். அப்போது மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை உலர்வது. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். இங்கே பகல் காற்று உலர்ந்த காற்று என்பதால், துணி இடம் கொடுத்தால் இந்த வேலை நன்றாகவே நடக்கும். துணிதான் இடம் கொடுப்பதில்லை. சீருடைக்கென்று மொத்தமாக வாங்கப்படுவது பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த துணி. மலிவு, கசங்காது, சீக்கிரம் வெளுக்காது. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. போதாததற்குச் சட்டையை உள்ளே திணித்து, பெல்ட்டால் இறுக்கி, காலர் பொத்தானைப் பூட்டி டையும் கட்டிவிட்டால், உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்று ஏறி இறங்கும் வழி மேலும் கீழும் அடைபட்டுப் போகிறது. குறைவாக உடுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் போகிறவருக்குத் தளர்ந்த முழுக்கைப் பருத்திச் சட்டை அரைக்கையைவிட நல்லது. காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு தலையில் துண்டு கட்டுவதில் உள்ள அறிவு அது. இறுக்கமும், அடுக்கு மேல் அடுக்கும், காற்றை விடாத இழையும்தான் தீங்கு.

இந்தத் தீங்கு யார் தலையில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பென்னாகரத்திலிருந்து ஏரியூர்ப் பக்கம் குழுக் கடன் தவணை வசூலிக்க வண்டியில் போகிற இளைஞர், டாக்டர் கூப்பிடும்வரை கிளினிக் வாசலில் பையோடு நிற்கிற மெடிக்கல் ரெப், ஏ.டி.எம். வாசலில் பூட்ஸும் கனத்த சீருடையும் அணிந்து உட்கார்ந்திருக்கும் அறுபது வயது காவலாளி. இவர்கள் எல்லோருக்கும் உடையை முடிவு செய்தவர் சென்னையிலோ மும்பையிலோ பெங்களூருவிலோ குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கிறார். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். அங்கே பொருந்துகிற உடை, தருமபுரி மாவட்டத்து நல்லம்பள்ளிக்கு மே மாதத்தில் பொருந்தாது.

இதில் மிகவும் கொடுமையானது பெண் ஆசிரியர்களின் ஓவர்கோட். தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகள், கல்லூரிகள் பலவற்றில் சேலைக்கு மேல் கோட் கட்டாயம். ஒரு ஆசிரியையின் தோளை மட்டும் கவனியுங்கள். முதலில் லைனிங் வைத்துத் தைத்த ரவிக்கை, அதன் மேல் நாலைந்து மடிப்பாக மடித்துப் பின் குத்திய சேலைத் தலைப்பு, அதன் மேல் பொத்தான் போட்ட கோட். இடுப்பில் உள்பாவாடையும் கொசுவமும் தனி. இத்தனையோடும் அவர் ஒரு மின்விசிறி சுற்றும் வகுப்பறையில் ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டே பாடம் நடத்த வேண்டும், கரும்பலகையில் எழுதக் கை தூக்க வேண்டும். மாணவர்களின் கவனம் சிதறக்கூடாது என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். பார்க்கிறவன் பார்வையைத் திருத்துவது பள்ளியின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் பார்க்கப்படுகிறவரை மூடிவைப்பது ஆசிரியையின் உடம்பையே குற்றமாக்குகிறது. அதே பள்ளியில் ஆண் ஆசிரியருக்கு இப்படி ஒரு கோட் இல்லை என்பதிலேயே இதற்குத் தொழில் ஒழுங்கோடு சம்பந்தமில்லை என்பது தெரிந்துவிடும்.

டையும் ஷூவும் இல்லாவிட்டால் மக்கள் மதிக்க மாட்டார்கள் என்பது பெரும்பாலோர் சொல்லும் மறுப்பு. நம் அனுபவம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல் நாற்காலியில் இருந்த ராஜாஜி, பிரிக்கப்படாத தருமபுரி மாவட்டத்தில் இருந்த, இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிற தொரப்பள்ளியில் பிறந்தவர். அந்தப் பதவியிலும் கதர் வேட்டிதான் கட்டினார். ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்த காமராஜரும் அப்படியே. பெரிய தலைவர்களுக்குச் சரி, சாதாரண ஊழியருக்கு ஆகுமா என்று கேட்பார்கள். சாதாரண ஊழியருக்கும் சான்று உண்டு. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை நோய்த்தொற்றைக் குறைக்க வேண்டும் என்று 2007இல் மருத்துவர்களின் டையையும் நீளக்கை வெள்ளைக் கோட்டையும் நோயாளிகளின் அருகே வேண்டாமென்று விலக்கியது. டை கழன்றதால் நோயாளிகள் மருத்துவரைவிட்டு ஓடிவிடவில்லை. நம் நாட்டில் உடைக் கண்டிப்புக்குப் பெயர்போன வழக்கறிஞர் தொழிலிலேயே, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் நீங்கலாக மற்ற நீதிமன்றங்களில் கோடையில் கறுப்புக் கோட் கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி சொல்கிறது. அரூர் நீதிமன்றத்தில் ஒருவருடைய சொத்தும் சுதந்திரமும் முடிவாகிற இடத்தில் கோட் இல்லாமல் வாதாடலாம் என்றால், செல்போன் சிம் விற்கிற கடையில் டை எதற்கு?

மரியாதையின் பெயரால் ஊழியரின் உடம்பை வருத்துவது நமக்குப் புதிதும் அல்ல. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் விற்பனைப் பெண்கள் பத்து மணி நேரம் நின்றே தீரவேண்டும், உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு அவமரியாதை என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. விற்பனைப் பெண் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காகச் சேலை வாங்க வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. அன்று சொல்லப்பட்ட வாதமும் இன்று டைக்காகச் சொல்லப்படும் வாதமும் ஒன்றேதான்.

இன்னொரு மறுப்பு இருக்கிறது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. நம் நாட்டில் உடை ஒருபோதும் வெறும் வசதிக்கானதாக இருந்ததில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். முழங்காலுக்குக் கீழே உடுத்தக்கூடாது, சட்டையோ கோட்டோ அணியக்கூடாது என்பவையும் அவற்றில் இருந்தன. காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் சட்டையைக் களைந்தார். களைவதற்கு அவரிடம் சட்டை இருந்தது, அணியும்போது யாரும் அடிக்கவில்லை. அம்பேத்கர் கோட்டும் டையுமாக நின்றதன் பொருள் அந்தத் தடைகளை அறிந்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும். இன்றைக்கும் ஒரு சேரியிலிருந்து முதல் தலைமுறையாக வேலைக்கு வரும் பிள்ளை மடிப்புக் கலையாத பேண்ட், சட்டை, ஷூவோடு ஊர்த் தெரு வழியாக நடந்து போவது ஒரு வெற்றி. அதை ஆடம்பரம் என்று சொல்கிறவர் எவரானாலும் அவர் பக்கம் நான் இல்லை. பழைய பண்பாட்டுப் பெருமை பேசி எல்லோரையும் வேட்டிக்குத் திருப்ப வேண்டும் என்பதும் என் வாதம் அல்ல. எதை அணிவது என்று முடிவு செய்யும் உரிமை அணிகிறவரின் கையில் இருக்க வேண்டும் என்பதே வாதம். அணியாதே என்று தடுத்ததும், அணிந்தே தீரவேண்டும் என்று கட்டளையிடுவதும் அடுத்தவர் உடம்பின் மேல் அதிகாரம் செலுத்துகிற காரியங்கள். சீருடை சமத்துவம் தருகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பருத்தியில் தைத்த சீருடையும் அதே சமத்துவத்தைத் தரும். உண்மையில் சமத்துவத்தைக் குலைப்பது இப்போதுள்ள ஏற்பாடுதான். மேலாளர் குளிரூட்டிய அறையில் டை கட்டுகிறார், ஊழியர் தார்ச்சாலையில் டை கட்டுகிறார்.

எல்லா இடத்திலும் ஏ.சி. போட்டுவிட்டால் போகிறது என்பவர்களுக்கு ஜப்பானைக் காட்டலாம். அந்த நாட்டிடம் ஏ.சி. வாங்கப் பணம் இல்லாமல் இல்லை. ஆனாலும் 2005இல் கோடைக்காலத்தில் அலுவலகங்களில் 28 டிகிரிக்குக் கீழே குளிரூட்ட வேண்டாம், கோட்டையும் டையையும் கழற்றிவிடுங்கள் என்று அரசே இயக்கம் நடத்தியது. பிரதமர் கொய்சுமி டை இல்லாமல் மக்கள் முன் வந்து அதைத் தொடங்கிவைத்தார். நம் தட்பவெப்பத்துக்கு நெருக்கமான வங்கதேசம் 2009இல், மார்ச் முதல் நவம்பர் வரை அரசு ஆண் ஊழியர்கள் கோட், டை அணிய வேண்டாமென்று உத்தரவிட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதுதான் அதன் நோக்கம். குளிர்நாட்டு உடையை அணிந்துகொண்டு, அந்த உடைக்கு ஏற்றபடி அறையைக் குளிரவைக்க மின்சாரம் செலவழித்து, அந்தக் குளிரூட்டி வெளியே தள்ளும் அனலில் காவலாளியை உட்காரவைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

எல்லையை எங்கே வைப்பது, நாளைக்குப் பனியனோடு வந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை கடினமில்லை. சுத்தமான, இஸ்திரி போட்ட பருத்தி உடை, ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, அதை வெளியே விட உரிமை, பின்பட்டை உள்ள செருப்புக்கு அனுமதி, பெண்களுக்குச் சேலையோ சுடிதாரோ எது வசதியோ அது. தலைமைச் செயலக ஊழியர்களுக்கு 2019இல் வந்த அரசாணையே ‘கேஷுவல்’ உடையை விலக்கிவிட்டு, வேட்டிக்கும் சுடிதாருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. ஒழுங்கையும் வசதியையும் சேர்த்தே எழுத முடியும் என்பதற்கு அது சான்று. 2014இல் ஒரு உயர் நீதிமன்ற நீதிபதியை வேட்டி கட்டியதற்காகச் சேப்பாக்கம் கிரிக்கெட் சங்க கிளப்பில் உள்ளே விடாதபோது மாநிலமே கொதித்தது. அந்த ஆண்டே அத்தகைய தடையைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் உள்ளே வரும் விருந்தினரைக் காக்கிறது. உள்ளே தட்டு ஏந்தி நிற்கும் பணியாளரின் கழுத்துப் பட்டியைப் பற்றி அது பேசவில்லை, நாமும் பேசவில்லை.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவித்தொகை உண்டு. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பிறகு, அந்தப் பேரிடரை உடம்போடு இறுக்கிக் கட்டிவைக்கும் விதிகளைத் தனியார் நிறுவனங்களின் விருப்பம் என்று விட்டுவிட முடியாது. மார்ச் முதல் ஜூன் வரை டை, ஷூ, கோட் கட்டாயம் இல்லை என்றும், சீருடை தருகிற நிறுவனம் பருத்தியிலேயே தரவேண்டும் என்றும் தொழிலாளர் துறை விதி வகுக்கட்டும். பள்ளிகளின் ஓவர்கோட்டை நீக்க அந்த விதிகூடத் தேவையில்லை. தாளாளர் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை போதும், அதை நாளைக்கே அனுப்பலாம்.