அட்டையில வராத வசனம்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் நண்பர்களே. தலைப்பைப் பாத்துட்டு "ஆஹா, ஊழியம் பண்ண வந்துட்டான்யா"ன்னு ஓடிடாதீங்க. யாரையும் மதம் மாத்தற உத்தேசம் எனக்கு இல்ல. நானே இன்னும் ஒழுங்கா மாறலங்கறதுதான் இந்தப் பதிவோட மேட்டரே :-)

எங்க சர்ச்சுல டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தட்டுல சின்னச் சின்ன அட்டைகளைக் கவுத்து வெச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு வசனம். கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு ஒண்ணை எடுக்கணும். அதுதான் அந்த வருஷத்துக்கு நமக்கான வாக்குத்தத்தம். சின்னப் புள்ளையில எனக்கும் அக்காவுக்கும் இதுக்காகவே சண்டை வரும். "உனக்கு பெரிய வசனம், எனக்கு சின்ன வசனம்"னு.

இந்த வருஷம் எனக்கு வந்தது எரேமியா 29:11. கிறிஸ்தவங்க வீட்டுப் பக்கம் போனவங்க யாரும் இந்த வசனத்தைப் பாக்காம இருந்திருக்க முடியாது. காலண்டர், கார் பின்கண்ணாடி, வாட்ஸப் ஸ்டேட்டஸ், கல்யாணப் பத்திரிகைன்னு எல்லா இடத்துலயும் இருக்கும். உங்களைப் பத்தி கடவுள் வெச்சிருக்கற நினைப்பு கெடுதலுக்கு இல்ல, நல்லதுக்குத்தான்னு அர்த்தம் வர்ற வசனம். அப்ரைசல் வர்ற வருஷத்துல இந்த அட்டை வந்தா ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்ன நினைப்பான்? அதேதான் நானும் நினைச்சேன். மானிட்டர் ஓரத்துல ஒட்டி வெச்சாச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஃப்ளாட்ல நாங்க மூணு பேர் தங்கியிருக்கோம். சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் ஒரு அக்கா வர்றாங்க. மாசம் ஆறாயிரம், ஆளுக்கு ரெண்டாயிரம். மாசத்துக்கு ஒருத்தர் வசூல் பண்ணிக் குடுக்கணும்னு எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. ஜனவரியில என் முறை. ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் 1ஆம் தேதி காலையிலயே ஜிபேல எனக்குப் போட்டுட்டாங்க. என் சம்பளமும் முந்தின நாளே வந்தாச்சு. அக்காவுக்கு மட்டும் பணமா கையில குடுக்கணும். அவங்க நம்பர்ல வர்ற பணம் வீட்டுக்காரர் கண்ணுல பட்டா அன்னிக்கே காலி ஆயிடும்னு சொல்லியிருக்காங்க.

ஏடிஎம் எங்க தெரு முனையிலதான் இருக்கு. நடந்தா நாலு நிமிஷம். ஆனா பாருங்க, 2ஆம் தேதி ரிலீஸ், 3ஆம் தேதி மறந்துட்டேன், 5ஆம் தேதி "நாளைக்குத் தர்றேன்கா". அவங்களும் "சரி தம்பி"ன்னு போயிட்டாங்க. 8ஆம் தேதி வாக்குல இன்னொரு தடவை மெதுவா கேட்டாங்க. நானும் இன்னொரு "நாளைக்கு" சொன்னேன். 12ஆம் தேதி பொங்கலுக்கு ஊருக்கு ரயிலேறிட்டேன். ஏறி உக்காந்த அப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு. "பரவால்ல, வந்து குடுத்துக்கலாம்"னு போர்வையை இழுத்துப் போத்திட்டுத் தூங்கிட்டேன்.

திரும்பி வர்றப்போ தூக்கம் வரல. என் அட்டை வசனம் இருக்கற புத்தகத்தையாவது முழுசா படிப்போமேன்னு ஃபோன்ல எரேமியாவைத் திறந்தேன். திருச்சி தாண்டியிருக்கும், 22ஆம் அதிகாரம் வந்துச்சு. 13ஆம் வசனத்துல அப்படியே நின்னுட்டேன். அடுத்தவனை வேலை வாங்கிட்டு அவனுக்குக் கூலி குடுக்காதவனுக்கு ஐயோன்னு இருக்கு.

அதே எரேமியா. என் அட்டைக்கு ஏழு அதிகாரம் முன்னாடி. வாழ்நாள்ல எத்தனை அட்டை எடுத்திருக்கேன், இது ஒரு தடவை கூட வந்ததில்ல. வரவும் வராது. ஏன்னா இதை யாரும் அச்சடிக்கறதே இல்ல.

அந்த வசனம் யாருக்குச் சொன்னதுன்னு கொஞ்சம் பாப்போம், கதை சுவாரசியமானது. யோயாக்கீம்னு ஒரு யூதா ராஜா. கி.மு. 609ல இருந்து 598 வரைக்கும் எருசலேம்ல ஆட்சி. எகிப்து ராஜாவுக்குக் கப்பம் கட்டணும்னு ஜனங்க தலையில வரியைப் போட்டு வசூல் பண்ணினவன். இந்தப் பக்கம் தனக்குப் பெரிய பெரிய மாடி அறைகள், அகலமான ஜன்னல், கேதுரு மரப்பலகை, சிவப்புச் சாயம்னு அரண்மனை கட்டறான். வேலை செஞ்சவங்களுக்குக் கூலி இல்ல. எரேமியா கேக்கற கேள்வி நேரா நெஞ்சுல குத்துது. கேதுரு மரத்துல வீடு கட்டிட்டா நீ ராஜாவா? உங்கப்பா யோசியாவும் சாப்பிட்டுக் குடிச்சு நல்லாத்தானே இருந்தார், ஆனா ஏழைகளோட வழக்குல நியாயம் செஞ்சாரே, என்னை அறியறதுன்னா அதுதானேன்னு கர்த்தர் கேக்கறதா எழுதியிருக்கு.

கவனிங்க. கடவுளை அறியறதுங்கறதுக்கு அந்த இடத்துல குடுக்கற விளக்கம் ஆராதனையும் இல்ல, உபவாசமும் இல்ல. ஏழைக்குச் சேர வேண்டியதைச் சேர்க்கறது.

அந்த ராஜாவைப் பத்தி 36ஆம் அதிகாரத்துல இன்னொரு சம்பவம் வருது. எரேமியா சொல்லச் சொல்ல பாருக் எழுதின சுருளை ராஜா முன்னாடி வாசிக்கறாங்க. குளிர்காலம், பக்கத்துல கணப்பு எரிஞ்சிட்டிருக்கு. மூணு நாலு பத்தி வாசிச்சதும் ராஜா கத்தியால அதை அறுத்து நெருப்புல போடறான். இப்படியே முழுச் சுருளும் காலி. அப்புறம் எரேமியாவும் பாருக்கும் எல்லாத்தையும் மறுபடி எழுதினாங்க, கூடக் கொஞ்சம் சேர்த்து. (உலகத்தோட முதல் பேக்கப் ரீஸ்டோரா இருக்குமோ!)

இதைப் படிச்சப்போ எனக்குத் தோணினது இதுதான். யோயாக்கீம் பிடிக்காத பத்திகளை அறுத்து எரிச்சான். நாம பிடிச்ச வரிகளை மட்டும் அறுத்து லேமினேட் பண்ணிக்கறோம். எரிக்கறதில்ல, அவ்வளவுதான். ரெண்டு பேர் கையிலயும் இருக்கறது அதே கத்தி.

அறுத்து எடுத்த அந்த 29:11ஐயாவது சரியா படிக்கறோமா? அதுவும் இல்ல. அது பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுக் கொண்டு போனவங்களுக்கு எரேமியா எழுதின லெட்டர்ல வர்றது. அதுக்கு முந்தின வசனம் என்ன சொல்லுது தெரியுமா? 70 வருஷம் ஆகும்! அந்த லெட்டரை வாசிச்ச பெரியவங்கள்ல நிறைய பேர் ஊர் திரும்பாமலே செத்திருப்பாங்க. அதுவரைக்கும் அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, நீங்க இருக்கற அந்தப் பட்டணத்தோட சமாதானத்தைத் தேடுங்க, அதுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு 5 முதல் 7 வரைக்கும் இருக்கு. ரெண்டே வருஷத்துல எல்லாம் சரியாயிடும்னு சொன்னவன் அனனியா. 28ஆம் அதிகாரத்துல வர்ற பொய்த் தீர்க்கதரிசி. நான் அந்த அட்டையை எரேமியா எழுதினதா படிக்கல, அனனியா எழுதினதா படிச்சிருக்கேன். அதுவும் அப்ரைசலுக்குள்ள நடந்தாகணும்னு :-)

மறுநாள் 19ஆம் தேதி காலையில ஏடிஎம்ல பணம் எடுத்துட்டு வந்து, அக்கா உள்ள வந்ததும் குடுத்தேன். "சாரிக்கா, லேட் ஆயிடுச்சு"ன்னு வழிஞ்சேன். எண்ணிப் பாத்துட்டு நாலாயிரத்து நூத்தி இருபது ரூபாயைத் தனியா எடுத்து முடிஞ்சுக்கிட்டாங்க. என்னக்கா கணக்குன்னு கேட்டேன்.

"பாப்பா கொலுசு தம்பி. பொங்கலுக்கு அரிசி, கரும்பு, துணின்னு எடுக்கணும்ல, கடையில வெச்சிருந்தேன். நூத்தி இருபது வட்டி. இன்னிக்கு மூட்டுடுவேன்."

எனக்குப் பேச்சு வரல. அவங்களே சமாதானம் வேற சொன்னாங்க. "அதுனால என்ன தம்பி. நீங்க சர்ச்சுக்குப் போற புள்ள. எப்டியும் குடுத்துருவீங்கன்னு எனக்குத் தெரியும்."

திட்டியிருந்தாக் கூட இவ்வளவு வலிச்சிருக்காது. பண்டிகை அன்னிக்கு அந்தப் புள்ள காலு வெறுங்காலா இருந்ததுக்குக் காரணம் நாலு நிமிஷ நடை. அந்தப் பணத்துல ரெண்டு பங்கு என்னோடது கூட இல்ல. சர்ச் பக்கமே போகாத ரெண்டு பேரும் 1ஆம் தேதியே அவங்க கடனை முடிச்சிட்டாங்க. அதை என் அக்கவுன்ட்ல வெச்சுக்கிட்டுப் பொங்கல் சாப்பிட்டவன் சர்ச்சுக்குப் போற புள்ள.

"நான் ஏமாத்தலையே, லேட்தானே பண்ணினேன்?" அன்னிக்குப் பூரா நானே எனக்கு வாதாடிட்டிருந்தேன். அதுக்கும் பதில் இருக்கு. லேவியராகமம் 19:13 எடுத்துப் பாருங்க. அடுத்தவனை ஒடுக்காதே, கொள்ளையடிக்காதேன்னு சொல்லிட்டு, அதே வசனத்துல, கூலிக்காரனோட கூலி விடியற வரைக்கும் உன்கிட்ட இருக்கக் கூடாதுன்னு சொல்லுது. கொள்ளையையும் தாமதத்தையும் ஒரே வரியில வெச்சிருக்காங்க. உபாகமம் 24:15 காரணமும் சொல்லுது. பொழுது சாயறதுக்குள்ள குடுத்துடு, அவன் ஏழை, மனசு பூரா அந்தக் கூலி மேலதான் இருக்குன்னு. எனக்கு அது ஒரு ஞாபகப் பிசகு. அவங்களுக்கு அந்த மாசமே அதுதான்.

"அதெல்லாம் பழைய ஏற்பாடுங்க, நாம கிருபையின் காலத்துல இருக்கோம்"னு சில அண்ணன்மார் பின்னூட்டம் போடுவாங்கன்னு தெரியும். யாக்கோபு 5:4 பாருங்க அண்ணே. குடுக்காம நிறுத்தி வெச்ச கூலியே கூக்குரல் போடுதாம். இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கதையில எல்லாருக்கும் ஒரே கூலி குடுத்தது நியாயமான்னு நாம நிறையப் பேசறோம். அந்த முதலாளி அன்னிக்குச் சாயங்காலமே கணக்கை முடிச்சார்ங்கறதை எத்தனை பேர் கவனிச்சோம்?

நம்ம சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனா எச்ஆருக்கு எத்தனை மெயில் பறக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஈஎம்ஐ பவுன்ஸ் ஆயிடும்னு அழுவோம். அக்காவுக்கும் ஈஎம்ஐ உண்டு. அடகுக்கடைச் சீட்டா இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரூம்ல இதைச் சொன்னப்போ ஒரு ரூம்மேட் சிரிச்சான். "எங்க நபி வியர்வை காயறதுக்குள்ள குடுக்கச் சொல்லியிருக்காருடா"ன்னான். அப்போ நான் மட்டும்தான் பாக்கி போல.

வாக்குத்தத்த அட்டை வேணாம்னு நான் சொல்ல வரல. கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய தெம்புன்னு எங்க அம்மாவைப் பாத்தே எனக்குத் தெரியும். ஆனா கடவுள் எனக்கு என்ன தருவார்ங்கறது மட்டும் அட்டையில வந்து, நான் யாருக்கு என்ன தரணுங்கறது வராமலே போனா, நம்ம விசுவாசம் ஞாயித்துக்கிழமையோட முடிஞ்சு போற சமாச்சாரம் ஆயிடும். திங்கக்கிழமை காலையில கதவைத் தட்டறது வாக்குத்தத்தம் இல்ல, வேலைக்கு வர்ற அக்கா.

நான் பண்ணின மாத்தம் ரொம்பச் சின்னது. வட்டி நூத்தி இருபதை அடுத்த மாசச் சம்பளத்தோட சேர்த்துக் குடுத்தேன். வேணாம்னாங்க, வற்புறுத்தித்தான் குடுத்தேன். இப்ப என் முறை வந்தா சம்பளம் வர்ற அன்னிக்கே பணத்தை எடுத்துக் கவர்ல போட்டு வெச்சிடறேன். மானிட்டர்ல 29:11 அட்டை இன்னும் இருக்கு. பக்கத்துல ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள்ல 22:13ன்னு கையால எழுதி ஒட்டியிருக்கேன்.

ரெண்டுமே அதே எரேமியா சொன்னதுதானே.

சரி, இந்த மாசம் உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்றவங்களுக்குக் குடுத்தாச்சா? இல்லைன்னா பின்னூட்டத்தை அப்புறம் போட்டுக்கலாம். முதல்ல ஏடிஎம் போயிட்டு வாங்க :-)