விஞ்ஞானச் சொல்லும் மந்திரமா?



மந்திரத்திற்குப் பொருள் கேட்பது பாவம் என்று சொல்லியே ஒரு கூட்டம் நம்மை நெடுங்காலம் அடக்கி வைத்திருந்தது. அந்த வாசனை இன்னும் நம்மை விட்டுப் போன பாடில்லை. திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளியின் பிள்ளை, விஞ்ஞானப் பாடத்தில் வாயில் நுழையாத சொல்லொன்றைக் கண்டால், பொருள் கேட்காமல் உருப்போடுகிறது. வாத்தியாரும் உருப்போடு என்கிறார். பிறகு, "நமக்கு இதெல்லாம் வராது" என்று பெற்றோரே தீர்ப்புக் கூறி, பிள்ளையைக் கைமடிக்கும் வேலைக்கு அனுப்பி விடுகின்றனர். இது நியாயந்தானா என்று கேட்கின்றோம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துப் பாறைகளில் ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட கற்கள் கிடைக்கின்றன. அந்த நிலம் ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது. அக்கற்கள் கணவாய்க்கு உறவான ஒரு பிராணியின் ஓடுகளே. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அந்த இனமே அழிந்து போயிற்று. இதற்கு அம்மோனைட் என்று பெயர். எகிப்தியரின் அம்மோன் என்ற சாமிக்குக் கடாக்கொம்பு உண்டென்பது கதை. அந்தக் கொம்பின் சாயலால் வந்த பெயரே இது.

இனி அதன் உறுப்புகளின் பெயர்களை அவிழ்த்துப் பாருங்கள். எல்லாம் லத்தீன் சொற்கள். ஓட்டிற்குள் அறைகளைப் பிரிக்கும் சுவர் 'செப்டம்', அதாவது வேலி. அறைகளின் ஊடே ஓடுவது 'சைஃபங்கிள்'. அதாவது சிறு குழாய். சுருளின் நடுக்குழி 'அம்பிலிகஸ்', அதாவது தொப்புள். சுவர் ஓட்டோடு சேருமிடத்தில் வளைந்து வளைந்து ஓடும் கோடு 'சூச்சர்', அதாவது தையல்!

தையலைப் பார்த்ததும் ஓவர்லாக்கா, பிளாட்லாக்கா என்று நம் டெய்லர் சொல்லி விடுகிறார். இந்தக் கல்லின் தையலைப் பார்த்து, இது எந்த வகை அம்மோனைட் என்று நிபுணர் சொல்கிறார். இதில் நம்மவர் கண்ணுக்கு எட்டாத ரகசியம் என்ன இருக்கிறது?

நிற்க. இதே இனத்துக் கல் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைத்தால் சாளக்கிராமம் ஆகி விடுகிறது. சுருள் விஷ்ணுவின் சக்கரமாகி அபிஷேகம் பெறுகின்றது. அரியலூர்க் கல் செய்த பாவம் என்ன? புராணம் கட்ட ஆள் கிடைக்காததுதானே!

"விஞ்ஞானியும் சாமி பெயரைத்தானே வைத்தான்?" என்று சிலர் கேட்கலாம். வைத்தான், ஆனால் அதைக் கும்பிடச் சொல்லவில்லை. அன்றியும், 'அப்டிகஸ்' என்றொரு பெயர் உண்டு. மடிப்பு என்னும் கிரேக்கச் சொல்வழி வந்தது. இரட்டைத் தகடாய்க் கிடைத்த அப்பொருளை முதலில் தனியொரு கிளிஞ்சல் பிராணி என்று கருதியவர்கள் உண்டு. பின்னர் அம்மோனைட் ஓட்டிற்குள்ளேயே அது காணப்பட்டதால், அப்பிராணியின் கீழ்த்தாடை என்று திருத்திக் கொண்டார்கள். திருத்தியவரை யாரும் நாத்திகன் என்று சாதியை விட்டுத் தள்ளவில்லை. சாஸ்திரத்தில் ஒரு எழுத்தையாவது இப்படித் திருத்த விட்டதுண்டா?

ஆகவே தோழர்களே, பெயர் வைத்தவனும் மனிதன். பிழை கண்டவனும் மனிதன். உங்கள் பிள்ளை இனி உருப்போடும்போது, "இதற்குப் பொருள் என்ன?" என்று கேளுங்கள். வாத்தியாரையும் கேட்கச் சொல்லுங்கள். ஊசியும் நூலும் அறிந்த வீட்டுப் பிள்ளைக்குச் சூச்சர் புரியாது என்பது சுத்தப் புரட்டேயாகும்.